வயிற்றில் பிள்ளையோடு ராக்னாவிடம் வந்தவர்கள்

ராக்னாவிடம் ஒருத்தி வந்து, "நான் கர்ப்பமா இருக்கேன், தலைக்கு டை அடிக்கலாமா?" என்று கேட்டால் உடனே பதில் வராது. முதலில் கத்தரியைக் கீழே வைப்பாள். பிறகு கேள்விதான் வரும். எத்தனை வாரம்? வாந்தி நின்றுவிட்டதா? கடைசியாக எப்போது போட்டாய்? அப்போது தலை அரித்ததா? இதெல்லாம் கேட்டு முடித்த பிறகும் "மருத்துவச்சியைக் கேட்டியா?" என்று ஒன்று பாக்கி இருக்கும்.

"ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சா என்னடி?" என்று நானே அவளைச் சீண்டியிருக்கிறேன்.

"ஆமான்னு சொல்ல எனக்கு ஆறு வருஷம் ஆச்சு, சோல்வி. அவ ரெண்டு நிமிஷம் காத்திருக்கட்டுமே" என்பாள்.

சோல்வி நான்தான். கடலோர ஊரான கிறிஸ்டியான்சுண்டில் ராக்னாவின் பார்லரில் இருந்தது மொத்தம் இரண்டு நாற்காலி. இரண்டாவது பதினாறு வருஷம் என்னுடையதாக இருந்தது. அந்த ஆறு வருஷக் கதையை அவள் எனக்கு ஒரே மூச்சில் சொன்னதில்லை. முடி அலசும் நேரத்தில் கொஞ்சம், காப்பி இறங்கும் நேரத்தில் கொஞ்சம் என்று சேர்ந்தது.

அவள் அப்பா மீன்பிடிக் கப்பலில் சமையல்காரர். மகள் கடல் பக்கம் போகவில்லை. எண்பத்து நாலில், பதினேழு வயதில், துறைமுகத்துக்கு மேல் தெருவில் ஒரு பார்லரில் வேலை பழகச் சேர்ந்தாள். கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது அது. ஜன்னல் என்று ஒன்று கிடையாது. சாயம் குழைப்பது, பிளீச் பொடி கலப்பது, மருந்து வைத்து முடியைச் சுருட்டும் பெர்ம் போடுவது எல்லாம் அந்த ஒரே அறையில்தான். சாயங்காலம் வெளியே வந்தால் மீன் நாற்றம்கூட வாசனையாக இருக்கும் என்பாள். கையுறை கேட்டபோது முதலாளியம்மா சிரித்தாராம். "கையுறை போட்டா முடி என்ன சொல்லுதுன்னு விரலுக்குக் கேக்காது, பொண்ணே." மூன்றாவது வருஷம் ராக்னாவின் விரல் இடுக்கெல்லாம் வெடித்துப் போயிருந்தது.

தொண்ணூறில் முதல் பிள்ளை உண்டானது. அவளுக்கு வயது இருபத்து மூன்று. பத்தாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை அது கலைந்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது, மாமியார் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றபடி சொன்னார். "நாள் பூரா அந்த விஷத்தை மோந்துகிட்டு நின்னா எது தங்கும்?"

அதுதான் உண்மை என்று ராக்னாவே அதற்குள் முடிவு செய்திருந்தாள். மறுவாரம் வேலையை விட்டுவிட்டு உப்புமீன் ஆலையில் சேர்ந்தாள். வெடித்த கையோடு உப்பு போட்ட மீனை அடுக்குகிற வேலை. பதினாலு மாசம் அதைச் செய்தாள்.

"கை எரியும் சோல்வி. எரியட்டும்னு இருக்கும். எனக்கு இது வேணும்தான்னு தோணும்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். சொன்னவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. சீப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் கையைக் காட்டத்தான் டாக்டரிடம் போனாள். ஊருக்குப் புதிதாக வந்த பெண் டாக்டர். மருந்து எழுதிக்கொண்டிருக்கும்போது ராக்னா அடித்தளத்துக் கடையையும் மாமியார் சொன்னதையும் சொல்லி, நேராகக் கேட்டுவிட்டாள். "என் பிள்ளையை நான்தான் சாயம் போட்டுக் கொன்னேனா?"

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "முதல் மூணு மாசத்துல கலையறது ரொம்ப சாதாரணம். தெரிஞ்ச கர்ப்பத்துலயே பத்துல ஒண்ணு ரெண்டு கலைஞ்சிடும். பெரும்பாலும் கரு உருவாகும்போதே ஏற்பட்ட கோளாறு. அம்மா எதைத் தொட்டாங்க, எதைத் தின்னாங்கங்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. உங்க விஷயத்துல எதனாலன்னு இந்த உலகத்துல யாராலயும் சொல்ல முடியாது. உங்க மாமியாராலயும் முடியாது."

"அப்போ சாயம் ஒண்ணும் பண்ணாதா?"

"அப்படியும் சொல்ல மாட்டேன். ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் வந்து தலையைக் காட்டிட்டுப் போறவ வேற. ஜன்னல் இல்லாத அறையில எட்டு மணி நேரம் வெறுங்கையோட நின்ன நீங்க வேற. அவளுக்குத் தோல் வழியா உள்ள போறது ரொம்பக் கொஞ்சம். உங்களுக்குச் சொல்றேன், இனிமே காத்து வர்ற இடத்துல நில்லுங்க, கையுறை போடுங்க."

ராக்னா எழுந்து நேராக அந்த அடித்தளத்துக்குப் போனாள். காற்றை வெளியே இழுக்கிற குழாய் ஒன்று வைத்து, கையுறையும் வாங்கிப் போட்டால் நாளைக்கே வேலைக்கு வருகிறேன் என்றாள். முதலாளியம்மா மறுபடி சிரித்தார். இந்தத் தடவை ராக்னாவும் சிரித்துவிட்டுப் படியேறி வந்துவிட்டாள். நாலு வருஷம் வேறு வேறு இடங்களில் வேலை பார்த்து, தொண்ணூற்று ஆறில் சொந்தமாகத் திறந்தாள். இரண்டு பக்கமும் ஜன்னல் உள்ள இடமாகத் தேடினாள். கண்ணாடி வாங்குவதற்கு முன்னால் வாங்கியது, சாயம் கலக்கும் மேஜைக்கு மேலே காற்றை உறிஞ்சும் கூண்டு. கடையைத் திறந்த முதல் மாசம் வந்தவர்கள் அதைப் பார்த்து, "இங்க மீன் வறுக்கப் போறியா?" என்று கேட்டார்களாம்.

அந்தக் கடையில் வேலை பார்த்துக்கொண்டேதான் இரண்டு பிள்ளை பெற்றாள். நான் கர்ப்பமானபோது என் கையிலிருந்த கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "பிளீச் கலக்கிறது இனிமே என் வேலை. நீ வெட்டு, சீவு, ஊர்வம்பு பேசு. கடைசியா சொன்னதை நீ முன்னமே ஒழுங்காத்தான் செய்யறே." எட்டாம் மாசம் வரை அவளே கலந்தாள்.

இனி தூவாவின் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

இரண்டாயிரத்துப் பத்தொன்பது, மார்ச் மாதம். தூவா ஆரம்பப் பள்ளி ஆசிரியை, வயது இருபத்தேழு. பதினைந்து வயதிலிருந்து செர்ரிப் பழச் சிவப்பில் தலை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவளைத் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடும். புருஷனுக்குக் கடலுக்குள் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை. இரண்டு வாரம் அங்கே, நாலு வாரம் வீட்டில். அன்றைக்குக் கம்பளித் தொப்பியோடு வந்தவள் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் அதைக் கழற்றவில்லை. ராக்னாதான் மெதுவாக எடுத்தாள். உச்சியில் இரண்டு விரல் அகலத்துக்குச் சாம்பல் பழுப்பு. அதற்குக் கீழே வெளுத்துப்போன சிவப்பு.

"பதினஞ்சாவது வாரம்" என்றாள் தூவா. "டை அடிக்கணும்னு வரல. ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"உண்டானது தெரியாம, அஞ்சாவது வாரத்துல வீட்லயே டை பெட்டி வாங்கிப் போட்டுட்டேன். போன்ல தேடினா பாதிப் பேர் ஒண்ணும் ஆகாதுங்கறாங்க, பாதிப் பேர் ஐயோங்கறாங்க. தூக்கமே இல்ல. மாமியாருக்குத் தெரிஞ்சு போச்சு. ஒன்பது மாசத்துக்குத் தலைன்னு ஒண்ணு இருக்கிறதையே மறந்துடுங்கறாங்க." சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ராக்னா அவள் முன்னால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் முடிக்காரி, டாக்டர் இல்ல. எனக்குத் தெரிஞ்சது உனக்குப் போதாது. உன் மருத்துவச்சி யாரு?"

"பெரித்."

"போனைப் போடு. ஸ்பீக்கர்ல போடு. சோல்விக்கும் கேக்கணும், இல்லாட்டி அவளுக்குச் சோறு இறங்காது."

பெரித் எடுத்தார். ஊரில் பாதிப் பிள்ளைகளைப் பிடித்து வெளியே எடுத்த கை அது. நிதானமான குரலில் சொன்னார். "தூவா, கண்ணு, ஒருதரம் போட்டதுக்காக நீ தூக்கத்தைக் கெடுத்துக்காதே. தலைத்தோல் வழியா ரத்தத்துக்குப் போறது ரொம்பச் சொற்பம். எப்பவாவது டை போட்டுக்கிட்ட அம்மாங்களோட பிள்ளைங்களுக்கு அதனால கெடுதல் வந்ததுன்னு ஆராய்ச்சிங்க காட்டல. இன்னும் கொஞ்சம் ஜாக்கிரதையா இருக்கலாம்னு நினைக்கிறவங்களை முதல் மூணு மாசம் போகட்டும்னு சொல்வோம். உனக்கு அதுவும் தாண்டியாச்சு. தோல்ல புண்ணு கிண்ணு இருந்தா வேணாம். காத்து வர்ற இடம், கையுறை, பெட்டியில போட்டிருக்கிற நேரத்துக்கு மேல வைக்கக் கூடாது. அவ்வளவுதான். யாருகிட்ட இருக்கே?"

"ராக்னாகிட்ட."

"அப்போ ஜன்னல் திறந்துதான் இருக்கும். ஜலதோஷம் பிடிக்காம பார்த்துக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார்.

தூவா முகத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். அழுது முடித்த பெண்ணுக்கு வரும் தைரியம் வந்துவிட்டது. "அப்படின்னா இன்னிக்கே போட்டுடலாமா?"

"மாட்டேன்" என்றாள் ராக்னா.

"ஏன்? அவங்களே சொல்லிட்டாங்களே!"

"அவங்க சொன்னது பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு. உன் தோலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு யாரு சொன்னா? வயித்துல பிள்ளை இருக்கும்போது உடம்பு நேத்து மாதிரி இன்னிக்கு இருக்காது. காதுக்குப் பின்னாடி ஒரு சொட்டு வைக்கிறேன். ரெண்டு நாள் கழிச்சு வா. தோல் சம்மதிச்சா, தலைத்தோலைத் தொடாம, முடியை மட்டும் கத்தை கத்தையா அலுமினியத் தாள்ல சுத்திப் போட்டுத் தர்றேன்."

"பன்னெண்டு வருஷமா போட்டுக்கிறேன் ராக்னா. ஒருநாள்கூட அரிச்சது இல்ல."

"சந்தோஷம். புதன்கிழமை வா."

புதன்கிழமை வந்தாள். ராக்னா அவள் காது மடலை மடக்கிப் பார்த்தாள். என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு காசு அளவுக்குச் சிவந்து தடித்து, மேலே ஊசிமுனைக் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. அந்தச் சாயம் இனி எப்போதும் அவளுக்கு ஆகாது என்று ராக்னா சொன்னாள். கர்ப்பம் முடிந்த பிறகும் ஆகாது, டாக்டரிடமும் காட்டிவிடு என்றாள். தூவா கெஞ்சினாள். ஓரத்தில் மட்டும், நுனியில் மட்டும் என்றாள். ராக்னா அவளுக்கு ஒரு காப்பி கொடுத்து, தொப்பியை எடுத்து அவளே மாட்டிவிட்டு அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை கடை நிறைந்திருந்தது. என் நாற்காலியில் தபால்காரி, ராக்னாவின் நாற்காலியில் பாதித் தலைக்கு முடி சுருட்டும் குழல்களோடு ஒரு பாட்டு வாத்தியார், சுவரோரம் காத்திருந்தவர்கள் மூன்று பேர். கதவைத் தள்ளிக்கொண்டு குன்வோர் உள்ளே வந்தார். தூவாவின் மாமியார். மீன் பதனிடும் நிறுவனத்தில் முப்பது வருஷம் தரச்சோதனைப் பிரிவில் இருந்தவர். பெட்டியில் கெட்ட மீன் ஒன்று இருந்தால் மூடியிருக்கும்போதே சொல்லிவிடுவார் என்று பெயர்.

"அந்தப் பொண்ணு காதுக்குப் பின்னாடி வெந்து போயிருக்கு! வயித்துல என் பேரப்பிள்ளை இருக்கு. நீ விஷத்தைப் பூசிப் பார்த்திருக்கே!"

"வெந்ததுதான்" என்றாள் ராக்னா. குழலைச் சுற்றுவதை அவள் நிறுத்தவில்லை. "அதுக்குத்தான் காதுக்குப் பின்னாடி வச்சது, குன்வோர். ஒரு சொட்டு. சோதிக்காம தலை முழுக்க வச்சிருந்தா இந்நேரம் மூஞ்சி வீங்கி ஆஸ்பத்திரில இருந்திருப்பா."

"எதுக்கு வைக்கணும்? கர்ப்பிணிக்கு எதுக்குடி இந்த ஆட்டமெல்லாம்? எங்க காலத்துல இதெல்லாம் செஞ்சோமா?"

ராக்னாவின் கை அப்போதுதான் நின்றது. "எண்பத்தேழு, ஜூன் மாசம். அடித்தளத்துக் கடை. பெர்ம் போட வந்தீங்க. வயிறு இவ்வளவு இருந்துச்சு. நாற்காலியை மேசைகிட்ட நெருக்கிப் போட முடியல. சுருள் சுத்தினது நான். அந்தத் தண்ணி கண்ணுல எரியுதுன்னு திட்டினீங்க. உள்ள இருந்தது யாரு?"

உள்ளே இருந்தது தூவாவின் புருஷன். ஆறடி நாலங்குலம் வளர்ந்து இப்போது எண்ணெய் மேடையில் இரும்புக் குழாய் தூக்குகிறான். தபால்காரி பக்கென்று சிரித்துவிட்டாள். சுவரோரம் இருந்தவர்களும் சிரித்தார்கள். நானும்தான்.

ராக்னா சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

"இதைச் சொல்லி உங்களை ஜெயிச்சுட்டுப் போயிடலாம். ஆனா அது நியாயம் இல்ல" என்றாள். "உங்க பையன் நல்லா வளர்ந்தது எதுக்கும் சாட்சி இல்ல. நானும் அதே கடையில நின்னு ஒரு பிள்ளையை இழந்தேன், பத்தாவது வாரத்துல. சாயந்தான் தின்னுச்சுன்னு சொன்னாங்க. பதினாலு மாசம் நம்பினேன். அதுவும் சாட்சி இல்ல. ஒரு பிள்ளை பிழைச்சதை வச்சும் சொல்ல முடியாது, ஒரு பிள்ளை போனதை வச்சும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான அம்மாங்களைப் பார்த்துக் கணக்கெடுத்தவங்க சொல்றதைத்தான் கேக்கணும். அவங்க சொல்றதைப் பெரித் தூவாகிட்ட சொன்னாங்க. தூவா அழுகையை நிறுத்தினா. அந்தப் பொண்ணு வாரக்கணக்கா தூங்காம இருந்தது உங்களுக்குத் தெரியுமா, குன்வோர்?"

பிள்ளை போன கதை அவளுடைய வாடிக்கைக்காரர்கள் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் அவள் வீட்டாருக்கும் மட்டுமே தெரிந்ததை ஒரு சனிக்கிழமைக் கூட்டத்தில், குரல் நடுங்காமல் போட்டு உடைத்துவிட்டாள்.

குன்வோர் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். "தூங்கலைன்னு அவ எங்கிட்ட சொல்லல" என்றார் கடைசியில்.

"தலையை மறந்துடுன்னு சொன்னவங்ககிட்ட எப்படிச் சொல்லுவா? உக்காருங்க. காப்பி இருக்கு, வாஃபிள் இருக்கு. சோல்வி, வாஃபிள் மேல வைக்க அந்தப் பழுப்புச் சீஸை எடு."

குன்வோர் உட்கார்ந்தார். இரண்டாவது வாஃபிளைச் சாப்பிடும்போது, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார். "அந்தச் சாயம் ஆகாதுன்னா, அவளுக்கு வேற வழியே இல்லையா? தொப்பியோடதான் பள்ளிக்கூடம் போறா. பிள்ளைங்க கேக்குதாம்."

ராக்னா அதைப் புதன்கிழமையே யோசித்துவிட்டாள். மருதாணி. சிவப்புதானே வேண்டும்? வெறும் இலைப்பொடி, வேறு ஒன்றும் கலக்காதது. இரண்டு இடங்களிலிருந்து வரவழைத்திருந்தாள். அடுத்த வாரம் மாமியாரும் மருமகளும் சேர்ந்தே வந்தார்கள். இரண்டு பெட்டியையும், தூவாவுக்கு ஆகாத பொருளின் பெயர் எழுதிய சீட்டையும் மேஜையில் வைத்து, "முப்பது வருஷம் சோதிச்ச கண்ணு, படிச்சுச் சொல்லுங்க" என்று ராக்னா குன்வோரிடம் தள்ளினாள். அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெட்டியின் அடிப்பக்கத்துப் பொடி எழுத்தை விரல் வைத்துப் படித்தார். ஒரு பெட்டியில் இலை ஒன்றுதான். மற்றதன் முன்பக்கம் பெரிதாகப் பச்சை இலைப் படம், 'இயற்கை' என்று கொட்டை எழுத்து. அடிப்பக்கத்திலோ எட்டுப் பெயர்கள்.

"பொய்க்காரப் பயலுக" என்றார் குன்வோர். "இதுல அந்தப் பழைய சாயமே இருக்குது போல. பாரு."

ராக்னா வாங்கிப் பார்த்தாள். அவர் சொன்னது சரிதான். தூவாவுக்குக் கொப்புளம் வரவைத்த அதே பொருள், கூந்தலைக் கறுப்பாக்கச் சேர்த்தது. ராக்னாவின் கண்ணுக்கே அது தப்பியிருந்தது. அப்படியே குப்பைக் கூடையில் போட்டாள். "நீங்க இல்லாட்டி முதல்ல இதைத்தான் பிரிச்சிருப்பேன்" என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டாள். அன்றைக்குக் குன்வோர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த விதத்தை நான் பார்த்தேன்.

நல்ல பெட்டியின் படத்தைப் பெரித்துக்கு அனுப்பினார்கள். மறுபடி காதுக்குப் பின்னால், இந்தத் தடவை மறு பக்கம், ஒரு பொட்டு. இரண்டு நாள். தோல் பேசாமல் இருந்தது. பதினேழாவது வாரத்தில் தூவாவின் தலையில் பச்சைச் சேற்றை அப்பினாள் ராக்னா. கடை முழுக்க ஈர வைக்கோல் வாசம். அலசி உலர்த்தினால் செர்ரிச் சிவப்பு வரவில்லை. செம்பும் ஆரஞ்சும் கலந்த ஏதோ ஒன்று.

தூவா கண்ணாடியைப் பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும் அவளைப் பார்த்தோம்.

"கேரட்" என்றாள் அவள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பிள்ளைங்க எனக்குப் புதுப் பேர் வச்சிடும்!"

"முன்னதுக்கு இது தேவலை" என்றார் குன்வோர். அவர் வாயிலிருந்து வந்த பாராட்டு அதுதான்.

செப்டம்பரில் பெண்பிள்ளை பிறந்தது. மூன்றே முக்கால் கிலோ, தலையில் ஒரு முடிகூட இல்லை. குன்வோர் ஆறு வாரத்துக்கு ஒருதரம் ராக்னாவிடம் முடி வெட்ட வர ஆரம்பித்தார். வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு பாட்டிலைத் திருப்பிப் படித்துக் குறை சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். ராக்னாவும் எதிர்வாதம் பண்ணுவாள். இரண்டு பேருக்கும் அது பிடித்திருந்தது.

பெரித் சும்மா இருக்கவில்லை. பிரசவத்துக்கு முந்தைய வகுப்பில் வந்து பேசச் சொல்லி ராக்னாவைக் கேட்டார். "டாக்டர் மாதிரி பேச மாட்டேன்" என்று முதலில் மறுத்தவள், "டாக்டர் பேச்சை நான் பேசிக்கிறேன், நீ முடியைப் பத்திப் பேசு" என்று பெரித் சொன்னதும் ஒப்புக்கொண்டாள். மாசத்துக்கு ஒரு வியாழக்கிழமை காலை. சாயம், கையுறை, ஜன்னல், காதுக்குப் பின்னால் வைக்கும் சொட்டு. பார்லரில் வேலை பார்க்கும் கர்ப்பிணிகளைத் தனியாகக் கூப்பிட்டு, முதலாளியிடம் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்றும் சொல்லித்தருவாள். அப்படி வந்தவர்களில் வேலை பழகும் பெண் ஒருத்தி, ராக்னா சொன்னதை அப்படியே போய்க் கேட்டு, தன் முதலாளியின் கடையில் காற்றிழுக்கும் குழாய் வைக்கச் செய்தாள். அந்தச் செய்தி வந்த அன்று ராக்னா எனக்குக் கேக் வாங்கிக் கொடுத்தாள்.

போன வசந்தத்தில் நானும் ஒரு வியாழக்கிழமை அங்கே போயிருந்தேன். பதினொரு பெண்கள், நாலு ஆண்கள். ராக்னா பேசி முடித்து, கேள்வி உண்டா என்றாள். பின்வரிசையில், மனைவியின் கைப்பையை மடியில் வைத்திருந்த ஒரு தடித்த இளைஞன் கையைத் தூக்கினான். பாதி நரைத்த தாடி.

"நான் தாடிக்கு டை அடிக்கலாமா?"

"உனக்கு எத்தனாவது வாரம்?" என்று கேட்டாள் ராக்னா.

வகுப்பு சிரித்து ஓய்வதற்கு வெகுநேரம் ஆயிற்று. அதற்குள் அவள் பையிலிருந்து பஞ்சை எடுத்துக்கொண்டு அவனிடம் போய், "சிரிப்புக்குச் சொன்னேன், தம்பி. ஆனா உனக்கும் முதல்ல ஒரு சொட்டுதான். காதைக் காட்டு" என்றாள்.